முதல் மாதத்து முடிவெட்டு

தண்ணீர் சூடு போதுமா என்று கேட்டாள் சுன் அக்கா. போதும் என்றான் லோகநாதன். உண்மையில் போதவில்லை, பின்மண்டையில் குளிர்ந்துதான் விழுந்தது. போதவில்லை என்று சொல்வதற்கு வேண்டிய சீனமும் அவனுக்குத் தெரியும். ஆனால் எதைக் கேட்டாலும் போதும், சரி, பரவாயில்லை என்று சொல்லிப் பழகிப்போன வாய் அது, நாலு வருடமாக இந்த ஊர்க் கடைகளில் அந்த மூன்று சொற்களை வைத்தே காலத்தை ஓட்டிவிட்ட வாய். மல்லாந்து படுத்துக் கழுத்தைப் பீங்கான் தொட்டியின் பள்ளத்தில் கொடுத்தால் கூரை மட்டும்தான் தெரிகிறது. கூரையிலிருந்து சிவப்புக் காகிதத்தில் வெட்டிய மீன் ஒன்று நூலில் தொங்கியது. வெளியே எங்கோ வெடிச் சத்தம் கேட்டது. அவர்களுடைய புது வருடம் பிறந்து ஒரு வாரம் தாண்டியும் வெடித்துத் தீரவில்லை. இந்த நாட்டில் முடி வெட்டப் போனால் முதலில் படுக்க வைத்துத் தலையைக் கழுவி, நெற்றிப் பொட்டை அழுத்தி, பிடரியைப் பிடித்துவிட்டு, அப்புறம்தான் நாற்காலி. முதல் தடவை, நான் முடி வெட்டத்தானே வந்தேன் என்று பதறி எழுந்து உட்கார்ந்து சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டான். பிறகு அது பிடித்துப்போய்விட்டது. இந்த ஊரில் மனிதக் கை ஒன்று தன்மேல் படுவது இங்கே மட்டும்தான் என்று ஒரு நாள் நினைத்து, நினைத்ததற்காகவே வெட்கப்பட்டுமிருக்கிறான். இன்றைக்கு அந்தச் சுகம் இல்லை. விரல்கள் தலையில் இருந்தன, புத்தி முழுவதும் தொடையில் இருந்தது, பேண்ட் பாக்கெட்டில் கிடந்த போன் அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டு. அதிரவில்லை. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மாமாவை ஆபரேசனுக்கு உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். நெஞ்சைத் திறந்து செய்கிற ஆபரேசன். நேற்றுச் சாயங்காலம் பண்ணையில் தீவன மூட்டையைத் தூக்கும்போது உட்கார்ந்துவிட்டாராம். எதற்கு அவர் மூட்டை தூக்க வேண்டும், ஆள் இல்லையா, ஆள் தூக்கினால் மாமாவுக்குத் திருப்தி வராது, கோழிக்குத் தண்ணீர் வைப்பதைக்கூட இன்னொருத்தன் வைத்தால் கோணலாக வைக்கிறான் என்பார். உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள் என்றால் நல்லதுதான், நேரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம். அம்மா நேற்று ராத்திரி பேசினாள். வெரசா வந்துரு சாமி, மாமன் உன்னயவேதான் கேக்கறான் என்றாள். வெரசா எப்படி வருவது. பாஸ்போர்ட் இவனிடம் இல்லை. தங்குகிற அனுமதியைப் புதுப்பிக்க லீவுக்கு முன்பே கொடுத்தாயிற்று. இன்றைக்குக் காலையில் அலுவலகம் திறந்த உடனே கம்பெனிப் பெண் மிஸ் லியூ செய்தி அனுப்பிவிட்டாள், உங்கள் படத்தைத் திருப்பிவிட்டார்கள், காது தெரியவில்லை, முடியை வெட்டி இன்றைக்கே வேறு படம் எடுத்துக் கொடுத்தால் அவசரத்தைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன் என்று. காது. முடி காதை மறைத்தால் பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இல்லாவிட்டால் விமானம் இல்லை. எழுந்திரு என்று தோளைத் தட்டினாள் சுன் அக்கா, தலையில் துண்டைச் சுற்றிவிட்டாள்.

திறந்திருந்தது இந்த ஒரு கடைதான். காலையிலிருந்து கடல்காற்றில் தெருத் தெருவாக நடந்து பார்த்துவிட்டான். எல்லா முடிவெட்டுக் கடைகளிலும் கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டிப் பூட்டு. சாலையெல்லாம் வெடித்த தாளின் குப்பை, கூட்டுவதற்கும் ஆளில்லை. சிங்தாவ் நகரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டித் தறி செய்கிற தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கிற ஊர் இது. பல்லடத்துக்காரர்கள் வாங்குகிற தறிகளைக் கப்பலில் ஏற்றும் முன்னால் ஓட்டிப் பார்த்துச் சரி சொல்வது அவன் வேலை. வேலை நடக்கிற நாட்களில் ஊர் அவனுக்குத் தெரிந்த ஊர்தான். பார்சல் கடைக்காரி இவன் தலையைக் கண்டதுமே அலமாரியில் கை விடுவாள், பேர் கேட்கமாட்டாள், இந்தியாக்காரன் பொட்டலம் என்று அவளே ஒரு மூலை ஒதுக்கி வைத்திருந்தாள். தண்ணீர் கேன் போடுகிற ஆள் நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே உங்கள் ஊரில் பெண்கள் மூக்கில் ஏன் ஓட்டை போடுகிறார்கள் என்று கேட்பான், பதில் சொல்லும் முன் இறங்கிவிடுவான். நூடுல்ஸ் கடைக்காரர், கறி வேண்டாம் என்று சொன்னால் தலையாட்டிவிட்டுக் கொத்துக்கறியைத் தூவித் தருவார், கேட்டால், இது கறியா, ருசிக்குப் போட்டது என்பார். ஒரு தடவை சாவியை உள்ளே வைத்துக் கதவு சாத்திக்கொண்டபோது படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்குக் கூப்பிட்டான். வந்த ஆள் ஒரு பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து இவன் சொல்லி முடிக்குமுன் திறந்துவிட்டான், பிறகு பல நாள் அந்தக் கதவைத் தாளிட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை. இவ்வளவுதான் மனிதர்கள். இவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனபோதுதான், கடை மூடிவிட்டால் எனக்கு இங்கே ஊரே கிடையாது என்பது லோகநாதனுக்கு உறைத்தது. வீட்டில் கிடந்தான், உறைந்த ரொட்டியைச் சூடு பண்ணித் தின்றான், சீனத்தில் பேசப் பத்து நாளாக யாருமில்லை. மாமாதான் மத்தியானம் ஆனால் வீடியோவில் கூப்பிடுவார். என்றா மாப்ளே, இன்னிக்காச்சு கடை தொறந்தானுகளா, அந்தக் கோழிக் கடையக் காட்டுடா. சந்தையில் கோழிக்காலைக் குவித்து வைத்து விற்பதைக் காட்டிய நாளிலிருந்து அவருக்கு அதே பேச்சு. நாம நாய்க்குப் போடறத இவனுக ஊறுகாய் போட்டுத் திங்கறானுகளே, நம்ம பண்ணைக் காலையெல்லாம் அங்க அனுப்ப வழியிருக்குதா பாருடா என்று நாலு நாள் பிடித்துக்கொண்டார். லோகநாதன் சிரித்து மழுப்பினான். விசாரித்திருக்கலாம். ஒரு ஆளிடமாவது கேட்டுவிட்டு, கேட்டேன் மாமா, வழியில்லையாம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு அதுவே போதும், பாதி ஊருக்குச் சொல்லித் திரிந்திருப்பார். ஊருக்குப் போனதும் அதை உட்கார்ந்து பேசலாம் என்று இப்போது நினைத்துக்கொண்டான், தையல் பிரித்து அவர் கட்டிலில் சாய்ந்திருக்கும்போது.

நாற்காலியில் உட்கார்ந்தான். கழுத்தைச் சுற்றிக் காகிதப் பட்டையை ஒட்டி, அதன்மேல் வழவழப்பான கறுப்புத் துணியைப் போர்த்திப் பின்னால் இறுக்கினாள். ஒரு காகிதக் கோப்பையில் வெந்நீர் வைத்தாள். இந்த நாட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் வெந்நீர்தான், பசித்துப் போனாலும் அழுதுகொண்டு போனாலும். மூலையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் அவள் தம்பி உட்கார்ந்து சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்துக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு, காதுவரை இழுத்த தொப்பி, பண்டிகைக்கு அக்கா வீட்டுக்கு வந்தவன் போலிருந்தது. சுன் அக்கா சீப்பால் ஈர முடியைக் காதுக்குக் கீழே இழுத்துப் பார்த்தாள். வெறுமனே கழுவி உலர்த்திவிட்டால் போதாதா என்று கேட்டாள். வெட்ட வேண்டும், காது தெரிய வேண்டும், பாஸ்போர்ட் படம் என்று சொன்னான். அவள் கத்தரியை எடுத்தாள், எடுத்தவள் வெட்டவில்லை. கண்ணாடியில் அவனைப் பார்த்து, "உனக்கு ஜியூஜியூ இருக்காரா?" என்றாள். அந்தச் சொல் அவனுக்குத் தெரியவில்லை. யார் என்று கேட்டான். "அம்மா கூடப் பிறந்த ஆண். உன் அம்மாவோட அண்ணனோ தம்பியோ." மூலையிலிருந்த தம்பி விதைத் தோலைத் துப்பிவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "கேட்காதே அக்கா, வெட்டிவிடு. இவன் வெளிநாட்டுக்காரன், இவன் மாமனுக்கு நம்ம மாசம் எப்படித் தெரியும்?" சுன் அக்கா கையிலிருந்த சீப்பை அவன்மேல் ஓங்கினாள். வருடத்தின் முதல் மாதத்தில் முடி வெட்டினால் தாய்மாமன் செத்துப்போவான், இது எங்கள் ஊர்ப் பேச்சு என்று லோகநாதனுக்கு விளக்கினாள், குழந்தைக்கு அடுப்புச் சுடும் என்று சொல்வதுபோல. அதனால்தான் கடையெல்லாம் மூடிக் கிடக்கிறது, இரண்டாம் மாதம் பிறந்ததும் ஊரே வந்து வாசலில் நிற்கும், அதுவரை கழுவிவிடுவதோடு சரி. "என் மகன் முடி தோளைத் தொடுது. பள்ளிக்கூடத்தில திட்டுறாங்க. திட்டட்டும்னு விட்டுட்டேன்." அவன் மாமன் இதோ இங்கே உட்கார்ந்து விதை தின்கிறான் அல்லவா என்று தாடையால் காட்டினாள். "உனக்கு மாமன் இல்லைன்னா சொல்லு, ஒரு நிமிஷம், வெட்டி விட்டுடறேன்."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தான். இந்த ஊரில் சொல்லிப் பழகிய சொல்தானே அது, பை வேண்டுமா, இல்லை, உறுப்பினர் அட்டை இருக்கிறதா, இல்லை, குடும்பம் கூட இருக்கிறதா, இல்லை. கடைக்காரர்களுக்கு அவன் சொன்ன பதில்களை அடுக்கினால் பாதி இல்லைதான். சொன்னால் காரியம் முடிந்தது. வெட்டு, படம், பாஸ்போர்ட், விமானம், ராத்திரியோ மறுநாளோ மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடலாம். திறந்த வாயை மூடிக்கொண்டான். நெஞ்சைத் திறந்து படுக்க வைத்திருக்கிற மனுசனை, இந்த நேரத்தில், இவன் வாயால் இல்லை என்பதா. வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்லவிடாத அம்மா. நிறைஞ்சிருக்குது, வாங்கிட்டு வா என்று சொல்ல வேண்டும், அப்படி வளர்த்தாள். இதெல்லாம் ஒரு பேச்சா, நான் மெக்கானிக்கல் படித்தவன், தறி நின்றால் எங்கே காற்று கசிகிறது என்று தேடுகிறவன், யார் கண்பட்டது என்று தேடுகிறவனில்லை. இவன் மயிருக்கும் அங்கே ஒருவர் இதயத்துக்கும் என்ன குழாய் போகிறது. போகவில்லை. போகவில்லை என்று தெரிகிறது, ஆனாலும் வெட்டி முடித்து எழுந்து, அந்த நேரம் பார்த்துப் போன் வந்து, ஏதாவது ஆகிவிட்டால், சாகிற வரைக்கும் கத்தரிச் சத்தம் காதைவிட்டுப் போகுமா. வெட்டாமல் எழுந்து போனால் பாஸ்போர்ட் இல்லை, மாமா கேட்கிறார், உன்னயவேதான் கேக்கறான், போக முடியாது. அவரைப் பார்க்கப் போகவேண்டுமானால் அவருக்கு ஆகாததைச் செய்ய வேண்டும், அவருக்கு ஆகாததைச் செய்யாவிட்டால் அவரைப் பார்க்க முடியாது. நல்ல சிக்கல். மாமாவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். சீனாக்காரன் மயித்துல தூக்கு மாட்டறானா என்பார். இங்கிலீஷில் எல்லோரும் அங்கிள்தான், பால்காரன் அங்கிள், பக்கத்து வீட்டு அங்கிள். நாலு வருடமாகத் தொழிற்சாலையில் மாமாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அங்கிள் என்று சொல்லி யாருக்கும் எதுவும் விளங்கியதில்லை. இந்த அம்மாள் ஒரே கேள்வியில் சரியாக ஆளைப் பிடித்துவிட்டாள், இவர்களும் அந்த ஒரு ஆளுக்குத் தனியாக நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள், போட்டதோடு நிற்காமல் அதன் காலையும் இவன் முடியில் கட்டி வைத்திருக்கிறார்கள். இவனுக்கு முதல் முடி எடுத்தது மாமா மடியில்தான். குலதெய்வம் கோயிலில், காது குத்திய அன்றைக்கே. போட்டோ இருக்கிறது. பாதி மொட்டையோடு இவன் வீறிட்டுக்கொண்டிருக்கிறான், மாமா புது வேட்டியைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறார், நனைத்துவிட்டானாம். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார், என்ற வேட்டிக்குப் பதில் சொல்லீட்டுப் போடா. மீசை கறுப்பாக இருந்த மாமா. இப்போது மீசைக்கு மட்டும் மை போடுகிறார், தலைக்குப் போடமாட்டார், ஏன் என்று கேட்டால் கோழி பயப்படும் என்பார். கண்ணாடியில் சுன் அக்கா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கிறார்," என்றான் லோகநாதன். சொன்னதும் மூச்சு வந்தது, அப்படியே விட்டிருக்கலாம், ஆனால் வாய் நிற்கவில்லை. "ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இப்போது ஆபரேசன் நடக்கிறது."

விதை உடைபடுகிற சத்தம் நின்றது. சுன் அக்கா கத்தரியை மேஜையில் வைத்தாள், வைத்துவிட்டு அதை இன்னும் கொஞ்சம் தள்ளியும் வைத்தாள். முடியாது என்று கையை ஆட்டினாள். கோபம் இல்லை, பயம்தான். லோகநாதன் பாஸ்போர்ட் கதையைச் சொன்னான், காது, படம், இன்றைக்கே. சீனம் குழறியது, சொல்ல வேண்டிய ஒன்றிரண்டு சொற்கள் கிடைக்காமல் காதைப் பிடித்துப் பிடித்துக் காட்டினான். அவள் கேட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தாள், தம்பி இந்தத் தடவை வெட்டிவிடு என்று சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கொஞ்சம் யோசித்து அவளே ஒரு வழி சொன்னாள். "உன் அம்மாவைக் கேளு. அவங்க கூடப் பிறந்தவர்தானே. அவங்க சரின்னு சொன்னா நான் வெட்டறேன். எனக்கு அது போதும்." துணிக்கடியில் லோகநாதனின் கை போனைத் தேடி எடுத்தது, எடுத்து மடியிலேயே வைத்துக்கொண்டான். அம்மாவைக் கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியாதா. கிளம்புகிறபோது யாராவது தும்மினால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கிறவள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை வேறு. இந்தச் சீன மாசமெல்லாம் வேண்டாம், செவ்வாய்க்கிழமை முடி வெட்டறயா என்று அதற்கே ஒரு பாட்டம் திட்டுவாள். நாலு வருடமாக முடி வெட்டினேன் என்று சொன்ன மறுநொடி, என்ன கெழமடா வெட்டுன என்பதுதான் அவள் கேள்வி. அதுவும் தம்பி விஷயம். தாய் போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. மாமா லாரியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் திரும்பி வருகிற வரைக்கும் வாசலைக் கூட்டமாட்டாள். வேண்டாம் என்பாள். எழுந்து வா என்பாள். அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம், அப்புறம் போகாததற்கு அம்மாதான் காரணம், நான் இல்லை. அதற்காகத்தான் கூப்பிடப் போகிறானா. நேற்று ராத்திரிக்குப் பிறகு அவள் கூப்பிடவேயில்லை என்பது அப்போதுதான் முள்ளாகக் குத்தியது. ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிடுகிறவள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், எப்படிக் கூப்பிடுவாள், சார்ஜ் இருக்காது. காலையில் செய்தி போட்டது மாமா மகன் பூபதி. திறந்து மறுபடியும் படித்தான். உள்ள கொண்டு போயிருக்காங்க மச்சான். ஒண்ணும் பயப்படாதீங்க. அந்தப் பயல் பயப்படாதீங்க என்று மரியாதையாக எழுதுகிற ரகமில்லை. மச்சா என்று ஆரம்பித்து ஏதாவது கோணல் படம் ஒன்று போடாமல் விடமாட்டான். அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு நிற்கிறவன் படமா போடுவான். அந்தச் செய்தி வந்தபோது இங்கே விடிந்திருந்தது, அப்படியானால் அங்கே இன்னும் இருட்டு. அந்த நேரத்திலா ஆபரேசன் செய்வார்கள். அவசரமென்றால் செய்வார்கள். செய்வார்கள்தான். என்னாச்சு என்று இவன் அனுப்பிய எல்லாவற்றிலும் நீலக் கோடு விழுந்திருந்தது, பதில் மட்டும் இல்லை. கேட்கவேண்டாம் என்று தோன்றியது. இப்படியே இந்தத் துணிக்குள் உட்கார்ந்துகொண்டு, ஈர முடி காதுமேல் கிடக்க, இருக்கிறார் என்று சொன்ன இடத்திலேயே இன்றைக்குப் பொழுதைக் கழித்துவிட்டால் என்ன. வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. கூப்பிடு என்று சுன் அக்கா முகவாயை அசைத்தாள்.

இந்த நாட்டில் வாட்ஸ்அப் நேராக வராது, குறுக்கு வழி ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவை யாரோ எடுத்தார்கள், குசுகுசுவென்று ஒரு பேச்சு, பிறகு கை மாறியது. "சொல்லு சாமி," என்றாள் அம்மா. குரல் கம்மிப் போயிருந்தது.

"மாமா எப்பிடிம்மா இருக்கறாங்க?"

"உள்ளதான் இருக்கறான். டாக்டருங்க பாத்துட்டு இருக்கறாங்க." யாரோ சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்வது மாதிரி இருந்தது. "நீ சோறு உண்டயா?"

"உண்டுட்டேன்," என்று பொய் சொன்னான். "அம்மா, நான் முடி வெட்டற கடையில உக்காந்திருக்கறேன்."

கிழமை கேட்பாள் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் நாற்காலியைத் தரையில் பதித்து வைத்திருப்பார்களே என்று ஒரு யோசனை வந்து, அதைத் தள்ளிவிட்டு இவனே பேசினான். "பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கோணும், காது தெரியோணுமாம். ஆனா இங்க ஒரு பேச்சு இருக்குதும்மா. இந்த மாசத்துல முடி வெட்டுனா தாய்மாமனுக்கு ஆகாதாம். கடைக்கார அக்கா வெட்டமாட்டேங்குது. உங்கம்மாளக் கேளு, அவங்க சொன்னாத்தான் கத்தரியத் தொடுவேங்குது." கடைசியில் கொஞ்சம் சிரித்துக்கூட வைத்தான். திட்டுவதற்கு அவளுக்குத் தோதாக இருக்கட்டும் என்று. அடப் பாவி, எந்திரிச்சு வாடா வெளிய, என்ற தம்பிய என்ன பண்ணப் பாக்கற. அந்தக் குரலுக்காக, அந்த வசவுக்காக, காதைப் போனோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து ஓடத் தயாராகக் கால் இரண்டும் நாற்காலிப் பலகையிலிருந்து இறங்கிவிட்டன.

"வெட்டிக்க சாமி," என்றாள் அம்மா.

சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, குறுக்கு வழி போன் இப்படித்தான் பாதியை முழுங்கும். "அம்மா, நாஞ் சொன்னது கேட்டுதா? மாமனுக்கு ஆகாதுங்கறாங்க."

"கேட்டுது. வெட்டிக்க. அதெல்லாம் ஒண்ணும் இல்ல." மூக்கை முந்தானையில் துடைப்பது கேட்டது. "படத்தக் குடுத்துப்போட்டு, பாஸ்போர்ட்டு கைக்கு வந்ததுக்கப்பறம் பொறப்படு. அவசரமில்ல. பதறாத சாமி, மெதுவாவே வா." அதற்குமேல் பேசாமல் போனை யாரிடமோ கொடுத்தாள், வாங்கியவர் வைத்துவிட்டார்.

போன் மடியில் கிடந்தது. மெதுவாவே வா. நேற்று ராத்திரி வெரசா வா என்றவள். கையைத் துணிக்கு உள்ளே இழுத்துக்கொண்டான், குளிர் எடுத்தது, ஹீட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது. யோசிக்கக் கூடாது என்று கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டியிருந்த தங்கக் காகிதத்தைப் பார்த்தான், பாட்டில்களைப் பார்த்தான், ஷாம்பூ, சாயம், இன்னொரு சாயம். என்ன சொன்னார்கள் என்று சுன் அக்கா கேட்டாள். வெட்டச் சொன்னார்கள் என்றான். அவள் கத்தரியை எடுக்கவில்லை. "விஷயத்தைச் சொன்னியா? மாமனுக்கு ஆகாதுன்னு சொன்னியா?" சொன்னேன் என்றான், இரண்டு தடவை சொன்னேன். "சொல்லியும் வெட்டுன்னா சொன்னாங்க?" அவள் திரும்பித் தன் தம்பியைப் பார்த்தாள், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய உடம்புக்காரனை, நெடுநேரம். திரும்பியபோது அவள் முகம் வேறாக இருந்தது. அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான், போனில் கேட்ட நொடியிலிருந்து தனக்குத் தெரிந்திருந்தது என்பது லோகநாதனுக்குப் புரிந்தது. இருட்டில் வந்த செய்தி, நாற்காலி இழுக்கிற சத்தம், எல்லாம் ஆகிவிட்டிருக்கிறது. தூரத்தில் தனியாக இருக்கிறவனிடம் எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள் என்று எவரோ ஒரு பெரியவர் உட்கார்ந்து தீர்மானம் பண்ணியிருக்கிறார். எல்லோரும் பொய்யைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், பூபதி சரியாகச் சொன்னான், அம்மாவும்கூட டாக்டர்வரை சரியாகச் சொன்னாள், அந்த ஒன்றை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை, தம்பிக்கு இனிமேல் எதுவும் ஆகாது என்று தெரிந்த ஒருத்தியால் வெட்டாதே என்று நடிக்க முடியவில்லை. மாமா செத்துப்போனார். இவன் இங்கே உட்கார்ந்து அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

"அம்மா கூட இப்போ யாரு இருக்காங்க?" என்று சுன் அக்கா கேட்டாள்.

தெரியவில்லை என்று சொல்லப் பார்த்தான், வரவில்லை, அழுகைதான் வந்தது. துணிக்குள் கை இரண்டும் மாட்டிக்கொண்டிருந்ததால் முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை. அவளே ஒரு துண்டை எடுத்துத் துடைத்துவிட்டாள், முதலில் கண்ணை, பிறகு மூக்கை. மூலையில் இருந்த தம்பியை வெளியே போகச் சொன்னாள். அவன் ஒன்றும் கேட்காமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே குளிரில் நின்றான். அவன் போனபிறகுதான் கத்தரியை எடுத்தாள்.